ஏழு மாதத்தில் பாட்டில் பிடித்த பெண்

அன்பு மகள் பூச்சிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் பிள்ளை உருண்டையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன், ஆனால் இந்தத் தடவை அதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு இதென்ன கூத்து என்று நீ முகத்தைச் சுளிப்பாய், தெரியும். போனில் நான் எப்படி இருக்கே என்று கேட்டு முடிப்பதற்குள் நீ நல்லா இருக்கேம்மா என்று சொல்லிவிடுகிறாய், அதற்குமேல் எனக்குப் பேச்சு வருவதில்லை, அங்கே மழையா என்று நீ கேட்க, ஆமாம் மழைதான் என்று நான் சொல்ல, இருவரும் வைத்துவிடுகிறோம். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார். அப்பா கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி வந்து கொடுத்தார், இவ்வளவு தாளும் வேணுமா உனக்கு என்று கேட்டார், பத்தாவிட்டால் இன்னொன்று வாங்கி வாருங்கள் என்றேன்.

முதலில் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். புதுப் பல்செட் போட்டதிலிருந்து அது உறுத்துகிறது என்று, ஓட்டுகிற ஸ்கூல் வேனில் முன்கண்ணாடிக்குக் கீழே கழற்றி வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறார், காலையில் ஏறிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் அலறியிருக்கிறார்கள், இப்போது தெருவில் எந்தப் பொடிசு பார்த்தாலும் பல்லு அங்கிள் என்கிறது. அவருக்கு உள்ளூரப் பெருமைதான். எனக்கு வலது தோள்பட்டை வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தையல் கம்பெனியில் இந்த மாதம் முழுக்க பள்ளிச் சீருடை, நீலச் சட்டை, வெள்ளைக் காலர், கண்ணை மூடினாலும் நீலமாகத்தான் தெரிகிறது. இருபத்தாறு வருஷமாக அதே செக்கிங் டேபிள், அதே டியூப் லைட், கையில் அதே சாக்பீஸ். சட்டையை வெளிப்பக்கம் பார்த்து நான் ஒருநாளும் முத்திரை குத்தியதில்லை, உனக்கே தெரியும், சின்ன வயதில் லீவு நாளில் என்னோடு வந்து பார்த்திருக்கிறாய். வெளிப்பக்கம் எல்லாச் சட்டையும் அழகுதான். உள்ளே திருப்பி, தோள்பட்டை மூட்டில் விரலை விட்டுப் பார்த்தால்தான் தையல் விட்டிருக்கிறதா என்று தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ மாதம் தவறாமல் உருண்டையின் படம் அனுப்புகிறாய், கீழே இந்த மாதம் அவனாகவே என்ன செய்தான் என்று ஒரு வரி எழுதுகிறாய். தானே தூங்கினான், தானே பாட்டிலைப் பிடித்தான், தானே உட்கார்ந்தான், அழுது ஏழு நிமிடத்தில் தானே நிறுத்தினான், அடுத்த மாதம் மூன்று நிமிடம், போன மாதம் அழவே இல்லை. கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன், எல்லோரும் என்ன சமர்த்து என்றார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டு பூரித்துப்போனேன். போன வாரம் கம்பெனிக்கு எதிரில் இருக்கும் ஸ்டுடியோவில் அந்த ஒன்பது படத்தையும் பிரிண்ட் போட்டு, சாப்பாட்டு இடைவேளையில் செக்கிங் டேபிள்மேல் வரிசையாக வைத்தேன், சட்டகத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்கத்தான் வைத்தேன். கை பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் இங்கேயும் அங்கேயும் திருப்பிப் பார்த்தது. முதல் இரண்டு படத்தில் உன் கை இருக்கிறது, ஒன்றில் அவன் முதுகுக்குப் பின்னால், இன்னொன்றில் உன் விரலை அவன் பிடித்திருக்கிறான். மூன்றாவதிலிருந்து உன் கை இல்லை. சரி, படம் எடுக்கிறவள் கை எப்படித் தெரியும் என்று நினைத்தேன். பிறகு அந்த அறையின் தரையைப் பார்த்தேன், வெள்ளை டைல்ஸ், கோடு கோடாக நன்றாகத் தெரிகிறது, உனக்கும் குழந்தைக்கும் நடுவில் எத்தனை கல் என்று எண்ணினேன். மூன்றாம் மாதம் இரண்டு கல். நான்காம் மாதம் மூன்று. ஐந்தாவது மாதம் ஐந்து கல், அதில் அவன் உன்னைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கையை நீட்டுகிறான். ஏழாவதில் எட்டுக் கல். போன மாதப் படத்தில் பதினோரு கல், நீ அறைக்குள்ளேயே இல்லை, வெளியே நடையில் நின்றுகொண்டு கதவு இடுக்கு வழியாக எடுத்திருக்கிறாய், கதவின் ஓரம் படத்தில் கறுப்பாக விழுந்திருக்கிறது. அவன் உன் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

குழந்தை தானாக ஒன்றைச் செய்யக் கற்றுக்கொள்வதற்கு நான் விரோதி இல்லை, அதை முதலில் புரிந்துகொள். எங்கள் கம்பெனி காப்பகத்தில் பத்து மாதக் குழந்தைகள் வாழைப்பழத்தைத் தாங்களே பிசைந்து பாதியை வாயிலும் பாதியைத் தலையிலும் வைத்துக்கொள்கின்றன, பார்த்துக்கொள்கிற அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அங்கே ஒரு வாலு தினமும் வாசல்வரை தவழ்ந்து போவான், பாதி வழியில் நின்று திரும்பி அந்த அம்மாவைப் பார்ப்பான், அவர் ஒரு புருவத்தைத் தூக்குவார், அவ்வளவுதான், மறுபடி கிளம்பிவிடுவான். பயமே இல்லையே இவனுக்கு என்றேன். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்னு அவனுக்குத் தெரியும், அதான் போறான், நான் எழுந்து போயிட்டேன்னு வையுங்க, இருந்த இடத்துலயே கத்துவான் என்றார் அவர். குழந்தை வளர்ப்புக்கென்று நீ சேர்ந்திருக்கிற அந்த வகுப்பிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தள்ளி நில் என்று சொல்லியிருப்பார்கள், கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போ என்று எந்தப் புத்திசாலியும் சொல்லியிருக்கமாட்டான்.

இதை மெதுவாக உன்னிடம் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. நீ அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய். எதற்கு இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இவ்வளவு பயிற்சி என்று நான் கேட்டதற்கு, நான் இல்லாட்டியும் அவன் சமாளிச்சுக்கணும்மா, இப்ப பாரு, நான் இல்லாததே அவனுக்குத் தெரியல என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அன்று மாலையே இன்னொரு படம் அனுப்பினாய், அலமாரியில் அட்டைப் பெட்டிகள், ஒரு வயசு, இரண்டு வயசு, மூன்று வயசு என்று மேலே உன் குண்டுக் கையெழுத்தில் எழுதி, சட்டை, டிராயர், ஸ்வெட்டர் எல்லாம் மடித்து அடுக்கியிருக்கிறாய். நல்ல வேலையாக இருக்கிறதே என்று அப்பா சொன்னார். நான் சட்டைகளோடேயே வாழ்கிறவள், ஒன்பது மாதக் குழந்தைக்கு மூன்று வயதுச் சட்டையை எந்தத் தாயும் இன்றைக்கு எடுத்து அடுக்கி, யார் வந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பேர் எழுதி வைக்கமாட்டாள். எங்கேயோ கிளம்புகிறவள்தான் அப்படி வைப்பாள்.

இனிமேல் எழுதப்போவதை இத்தனை வருஷம் நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ ஏழு மாதத்தில் பாட்டிலைத் தானே பிடித்தாய், பத்து மாதத்தில் யாரையும் தேடமாட்டாய், ஒரு வயதில் தனியாகச் சாப்பிட்டாய், அழவே தெரியாது உனக்கு என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள். உருண்டையைத் தனி அறையில் போடாதே என்று நான் சொன்னபோதெல்லாம் நீ என்னை அப்படித்தானே வளர்த்தே, நான் என்ன குறைஞ்சுபோயிட்டேன் என்றுதான் நீ திருப்பிக் கேட்டாய், நான் வாயை மூடிக்கொண்டேன். பூச்சி, நான் உன்னை அப்படி வளர்க்கவில்லை. அப்போது எனக்கு உடம்பு சரியில்லை. என்னால் உன்னைத் தூக்க முடியவில்லை. கையில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் நீ அழுதால் அது பக்கத்து வீட்டில் எங்கேயோ அழுகிற மாதிரி இருக்கும், எழுந்து வர மனசு வராது. தலையணையில் பாட்டிலைச் சாய்த்து உன் வாயில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். அதைத்தான் தானே பிடித்தாள் என்று சொன்னேன். யாராவது குழந்தை அழுகிறதே என்றால், பழகட்டும், தைரியமாக வளரட்டும் என்பேன், அப்படிச் சொன்னால் யாரும் மேலே ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், அந்த வார்த்தை அவ்வளவு வசதியாக இருந்தது. கொஞ்ச நாளில் நானே அதை நம்பிவிட்டேன். நான் இல்லாவிட்டால்தான் இவள் நன்றாக இருப்பாள் என்று தோன்ற ஆரம்பித்தது, துக்கமாகக்கூட இல்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு சாதாரண யோசனையாக வந்தது.

உனக்குப் பதினோரு மாதம் நடக்கும்போது ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். அப்பா வேலைக்குப் போய்விட்டார். உன்னைக் குளிப்பாட்ட அந்தப் பழைய தகரத் தொட்டியில் தண்ணீர் விட்டு உள்ளே உட்கார வைத்தேன். பிறகு எழுந்து வெளியே வந்து குளியலறைக் கதவுக்கு வெளியில் நின்றேன். எதற்கு என்று கேட்காதே. தானாக எழுந்திருக்கிறாளா பார்ப்போம் என்று நின்றேன். நீ முதலில் தண்ணீரை அடித்து விளையாடுகிற சத்தம் கேட்டது, பிறகு வழுக்கிவிட்டாய் போலிருக்கிறது, சத்தம் மாறியது, பிறகு குறைந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்போதுதான் கரண்ட் மீட்டர் எடுக்கிறவர் வந்தார், மீட்டர் பெட்டி நடையில் குளியலறைக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா குழந்தை தண்ணியில இருக்கு என்றார். தெரியும், அவளே எழுந்திருக்கணும் என்று நான் சொன்னேன். இந்த வார்த்தையை நான் சொன்னேன் பூச்சி, என் வாயால். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உன்னை ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார், முதுகில் தட்டினார், நீ இருமி, தண்ணீரைக் கக்கி, பிறகு வீடே அதிர அழுதாய். பிறந்ததிலிருந்து அவ்வளவு பெரிதாக நீ அழுது நான் கேட்டதில்லை. அவர் தன் சட்டையைக் கழற்றி உன்னைச் சுற்றிக்கொண்டு பனியனோடு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்கு வேறு எந்த வீட்டு மீட்டரையும் அவர் எடுக்கவில்லை, அப்பா வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் அப்பாவிடம் என்னைத் திட்டவில்லை. வீட்டம்மாவுக்கு உடம்பு முடியல சார், டாக்டர்கிட்ட காட்டுங்க, என் சம்சாரத்துக்கும் முதல் பிள்ளைக்கப்புறம் இப்படித்தான் இருந்துச்சு என்றாராம். டாக்டர் அம்மா என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார், இது பிரசவத்துக்குப் பிறகு பல பேருக்கு வருகிற நோய், நீ கெட்ட தாய் இல்லை, மாத்திரை சாப்பிடு, பேச வா, மூன்று மாதத்துக்குக் குழந்தையோடு தனியாக இருக்காதே என்றார். உன் அத்தை வந்து ஐந்து மாதம் தங்கினாள். உனக்கு ஊட்டினதும் தூக்கினதும் அவள்தான். கொஞ்சம் கொஞ்சமாக உன் அழுகை பக்கத்து வீட்டில் கேட்பதை நிறுத்தி என் வீட்டில் கேட்க ஆரம்பித்தது. அப்படிக் கேட்ட முதல் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு நான் அழுத அழுகைக்கு அத்தை பயந்தே போனாள். அதன் பிறகு நானும் அப்பாவும் இதைப் பேசியதே இல்லை. வெட்கத்தை மறைக்க நான் கட்டிவிட்ட கதைதான் ஏழு மாதத்தில் பாட்டில் பிடித்த பெண், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நீ அதையே உன் பிள்ளைக்குச் செய்கிறாய் என்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. உனக்கும் அதே நோய்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, தப்பாக இருந்தால் என்னை நன்றாகத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

உன்னைக் கேட்காமல் சில காரியம் செய்திருக்கிறேன், கோபப்படு, பரவாயில்லை. மாப்பிள்ளை வேலை செய்கிற கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போன் பண்ணினேன், முதலில் அவர்கள் என்னை யார் எவர் என்று குடைந்தார்கள், பிறகு கப்பலிலேயே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவ ரொம்ப தைரியசாலி அத்தை என்று ஆரம்பித்தார் பாவம், நான் தொட்டி விஷயத்தைச் சொன்னேன், அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுகிறேன் என்றார். அதற்குப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். எனக்கு விசா ஒன்பது நாளில் கிடைக்கும் என்கிறார்கள், அப்பா அந்த ஆபீஸ் வாசலிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். இந்த இரண்டு நாளாக நான் உன்னைச் சும்மா சும்மா கூப்பிட்டு, சட்டை பட்டன் நிறம் மாறிப்போன கதை, பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிக்கிற கதை என்று உளறிக்கொண்டிருந்தேனே, நீ போனை எடுக்கிறாயா, பின்னால் உருண்டையின் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கத்தான். கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட எனக்குத் துணிவில்லை. எங்கள் சூப்பர்வைசரின் தங்கை உங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழந்தை பெற்றவர்கள் வார்டில் பதினாலு வருஷம் வேலை, லீவுக்கு இங்கே வந்திருந்தாள், நாளைக்குத் திரும்புகிறாள். அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அம்மா கொடுத்த சாமான் என்று சொல்லிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவாள். உள்ளே போனதும் முதலில் குழந்தையைத் தூக்கிக்கொள், அதற்கப்புறம்தான் கடிதத்தைக் கையில் கொடுக்கணும் என்று சொல்லி அனுப்புகிறேன். ஆகவே நீ இந்த வரியைப் படிக்கிறபோது உருண்டை அவள் மடியில் இருக்கிறான். நான் வருகிறவரை அவள் உன்னோடுதான் தங்குவாள், படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் வருகிறாள், அந்தப் பெரிய பையில் இருப்பது சாமான் இல்லை. மரியாதைக்காக டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பார்க்காதே, போகமாட்டாள். அவள் வந்த மறுநாள் காலையிலேயே அவளோடு டாக்டரிடம் போகிறாய். அவரிடம் என்னிடம் சொன்னதையே சொல்லாதே, என்னிடம் சொல்லாததைச் சொல்.

நீயும் உன் பிள்ளையும் நூறு வருஷம் இருக்கவேண்டும், அவனுக்கு மூன்று வயதாகும்போது மூன்று வயதுச் சட்டையை நீதான் போட்டுவிடவேண்டும், அதற்குமேல் கடவுளிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. மறக்காமல் சாப்பிடு, தலை வாரிக்கொள், குளிப்பாட்டுகிற வேலையை நான் வரும்வரை அவளிடமே விட்டுவிடு. இப்போது தலையை நிமிர்த்தி அவளைப் பார். உன்னை யாரும் குற்றம் சொல்ல வரவில்லை. அன்று அந்தப் படியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தவரிடம் என்னால் சொல்ல முடியாமல் போனதை நீ அவளிடம் சொல், என்னால முடியல என்று சொல், வாய்விட்டுச் சொல், அடுத்ததை அவள் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்காமல் விட்ட, இப்போது தூக்க வந்துகொண்டிருக்கிற
அம்மா